தவறான இன்ஸ்டலேஷன் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் புகாரை முடித்தது குறித்து

அனுப்புநர்:
உரிமையாளர்,
தட்டச்சு மற்றும் நகல் மையம்,
தாலுகா அலுவலகம் அருகில்,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: மதர்போர்டும், தகவல் சேமிக்கும் எஸ்எஸ்டியும் மாற்றிய பின் தங்கள் டெக்னீஷியன் கொடுத்த டிஸ்க்கிலிருந்து கம்ப்யூட்டர் தொடங்காதது, கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸில் எனக்குச் சொல்லாமல் பாஸ்வேர்டு போட்டது, விண்டோஸ் உரிமம் புது போர்டில் பதியப்படாதது.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உசிலம்பட்டியில் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். மனு, வாடகை ஒப்பந்தம், பட்டா மாறுதல் விண்ணப்பம் என்று காலையிலிருந்து இருட்டும்வரை அடிப்பதுதான் என் பிழைப்பு. அதற்காகத் தங்கள் நிறுவனத்தின் டெஸ்க்டாப் ஒன்றை மதுரையில், மூன்று வருட வாரண்டியுடன் வாங்கினேன். 8 ஜிபி ரேம், விண்டோஸ் 11 போட்டே வந்தது. கல்யாண வீடியோ டிவிடியைக் கொண்டுவந்து நகல் கேட்பவர்கள் இன்னமும் இருப்பதால் டிவிடி டிரைவ் உள்ள மாடலாகத் தேடி வாங்கினேன்.

வாரண்டி காலத்துக்குள்ளேயே மெஷின் நின்றுபோனது. தங்கள் டெக்னீஷியன் கடைக்கே வந்து பார்த்தார். மதர்போர்டும் எஸ்எஸ்டியும் போய்விட்டன என்று சொல்லி இரண்டையும் மாற்றிக் கொடுத்தார். இதுவரை எனக்குக் குறை இல்லை. அந்தத் தம்பி பொறுமையாக, சுத்தமாக வேலை பார்த்தார். என் கோப்புகளுக்குப் பென்டிரைவில் நகல் இருந்ததால் அந்தக் கவலையும் இல்லை.

புது எஸ்எஸ்டி காலியாக இருந்தது. அதில் விண்டோஸ் ஏற்ற வேண்டும். தங்கள் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட உறையில் ஒரு டிவிடியைக் கொடுத்து, "இதப் போட்டு ஆன் பண்ணுங்கக்கா, தானா ஏறிரும். எனக்குத் தேனில இன்னொரு கால் இருக்கு" என்றார். வந்து போனதற்கு அத்தாட்சி என்று சொல்லி என் போனுக்கு வந்த ஓடிபியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த ஓடிபி புகாரை முடித்துவைக்கும் ஓடிபி என்பது, சாயங்காலம் வந்த குறுஞ்செய்தியில்தான் தெரிந்தது. 'தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது' என்று அதில் இருந்தது. அந்த நேரத்தில் என் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரில் விண்டோஸே கிடையாது.

டிஸ்க்கைப் போட்டால் டிரைவ் சுற்றும் சத்தம் கேட்கிறது, பச்சை விளக்கு மினுக்குகிறது, பிறகு திரையில் பூட் டிவைஸ், அதாவது தொடங்குவதற்கான சாதனம், எதுவும் இல்லை என்று வந்து நிற்கிறது. ஆன் செய்தவுடன் எஃப்12 அழுத்தினால் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும் பட்டியல் வருகிறது. அதில் டிவிடி டிரைவ் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் திரை ஒரு நொடி கறுத்துவிட்டு அதே பட்டியலுக்குத் திரும்பிவிடுகிறது. விண்டோஸ் டிஸ்க் சரியாகப் படிக்கப்பட்டால், டிவிடியிலிருந்து தொடங்க ஏதாவது ஒரு கீயை அழுத்து என்று ஒரு வரி வர வேண்டும். சில நொடிகள் மட்டும் நிற்கும் வரி அது. கண் எடுக்காமல் பார்த்தும் அந்த வரி ஒரு தடவைகூட வரவில்லை.

தங்கள் உதவி மையத்தை அழைத்தபோது முதலில் டிஸ்க்கைத் துடைத்துப் போடச் சொன்னார்கள். அடுத்து பேசியவர், "டிவிடி டிரைவ் போயிருக்கும் மேடம், புதுசா வாங்கிக்குங்க" என்றார். இன்னொருவர், பயாஸுக்குள் போய் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைத்துவிட்டு, லெகசி என்ற பழைய தொடக்க முறைக்கு மாற்றச் சொன்னார். மூவரில் ஒருவர்கூட அந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

அதை நாங்களே பார்த்தோம். மதுரையில் பாலிடெக்னிக் படிக்கும் என் அக்கா மகன் சனிக்கிழமை வந்து உட்கார்ந்தான். அவன் கண்டதை இங்கே விவரமாக எழுதுகிறேன். தங்கள் தொழில்நுட்பப் பிரிவு இந்தப் பத்தியை மட்டுமாவது படிக்க வேண்டும்.

பக்கத்துக் கடையில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. தங்கள் டிஸ்க்கை அதில் போட்டதும் அந்த 'ஏதாவது ஒரு கீயை அழுத்து' வரி வந்தது, விண்டோஸ் நிறுவும் திரையும் வந்தது. ஆகவே டிஸ்க்கில் கீறல், தூசி, எழுத்துக் கோளாறு எதுவும் இல்லை. அடுத்து, அவனிடம் இருந்த, விண்டோஸுக்கு மாற்றான இலவச மென்பொருள் லினக்ஸ் மின்ட் டிவிடியை என் மெஷினில், அதே டிரைவில் போட்டான். ஒரே முயற்சியில் தொடங்கியது. புது எஸ்எஸ்டி தெரிகிறது, 8 ஜிபி ரேம் முழுதும் தெரிகிறது. ஆகவே டிரைவும் நன்றாக இருக்கிறது, புது மதர்போர்டும் நன்றாக இருக்கிறது. டிஸ்க்கும் நல்லது, டிரைவும் நல்லது, இரண்டும் சேர்ந்தால் வேலை செய்யவில்லை என்றால், அந்த டிஸ்க் இந்த மெஷினுக்கு உரியது இல்லை என்பதுதான் மிச்சம்.

பிறகு பக்கத்துக் கடைக் கம்ப்யூட்டரில் தங்கள் டிஸ்க்கை மறுபடி போட்டு, உள்ளே இருக்கும் கோப்புகளைத் திறந்து பார்த்தான். இப்போதைய மெஷின்கள் யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் தொடங்குபவை. டிஸ்க்கில் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அதற்குள் 'பூட்எக்ஸ்64' என்ற கோப்பு இருக்கிறதா என்றுதான் என்னுடையதைப் போன்ற 64 பிட் மெஷின் தேடும். தாங்கள் கொடுத்த டிஸ்க்கில் அந்தக் கோப்பே இல்லை. அந்த இடத்தில் 'பூட்ஐஏ32' என்ற கோப்புதான் இருக்கிறது. அது 32 பிட் மெஷினுக்கானது. என் மெஷின் அதைச் சீண்டாமல் பட்டியலுக்குத் திரும்பிவிடுவதில் ஆச்சரியமே இல்லை. பழைய கம்ப்யூட்டர் பழைய பயாஸ் முறையில், அதாவது லெகசி முறையில், தொடங்குவதால் அதற்கு இந்தக் கோப்பு தேவைப்படவில்லை, ஓடிவிட்டது.

அந்த டிஸ்க் விண்டோஸ் 10, 32 பிட். என் மெஷினோடு விற்றது விண்டோஸ் 11. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பு என்று ஒன்று கிடையவே கிடையாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. எப்படியோ முட்டிமோதி இந்த டிஸ்க்கை ஏற்றியிருந்தால்கூட, 32 பிட் விண்டோஸால் 4 ஜிபிக்கு மேல் ரேமைப் பயன்படுத்த முடியாது. 8 ஜிபிக்குப் பணம் கொடுத்த எனக்குப் பாதி கிடைத்திருக்கும். பக்கத்து வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, கதவு ரிப்பேர் என்று சொல்வது போலத்தான் தங்கள் உதவி மையம் என்னிடம் பேசியிருக்கிறது.

இந்த டிஸ்க் ஏன் தங்கள் ஆட்களின் பையில் இருக்கிறது என்பதற்கு என் ஊகம் ஒன்று உண்டு. விண்டோஸ் 11-இன் நிறுவல் கோப்பு சாதாரண 4.7 ஜிபி டிவிடியில் அடங்காது. 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு டிஸ்க்கோ, பென்டிரைவோ வேண்டும். 32 பிட் விண்டோஸ் 10 சின்னது, ஒரு மலிவு டிஸ்க்கில் அடங்கிவிடும். காரணம் அதுவானால், ஒரு பென்டிரைவ் செலவை மிச்சப்படுத்த என் கடையை நிறுத்தியிருக்கிறீர்கள்.

சரி, லெகசிக்கு மாற்றச் சொன்னார்களே, அதையாவது பார்ப்போம் என்று பயாஸுக்குள் போனால் பாஸ்வேர்டு கேட்கிறது. நாங்கள் போட்டதில்லை. பழைய போர்டில் அப்படி எதுவும் இருந்ததும் இல்லை. போர்டு மாற்றிய அன்று தங்கள் டெக்னீஷியனைத் தவிர வேறு யாரும் அதைத் தொடவில்லை. போனில் கேட்டதற்கு, "அது எங்க சர்வீஸ் பாலிசி மேடம், வெளிய சொல்லக் கூடாது" என்று பதில் வந்தது. என் பணத்தில் வாங்கி என் கடையில் இருக்கும் மெஷினின் அமைப்புகளை நான் பார்க்கக் கூடாது என்று எந்த வாரண்டி விதியில் இருக்கிறது? என்னிடம் உள்ள வாரண்டி அட்டையை வரி வரியாகப் படித்துவிட்டேன். அதில் இல்லை. அமைப்பை மாற்றச் சொல்வதும் தங்கள் நிறுவனம், மாற்ற முடியாமல் பூட்டியதும் தங்கள் நிறுவனம்.

கடைசியாக ஒன்று. இதுதான் என்னை மிகவும் வருத்தியது. அக்கா மகன் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11-ஐ இறக்கி, ஒரு பென்டிரைவில் நிறுவல் வட்டாகத் தயார் செய்து எஃப்12 வழியாகத் தொடங்கிப் பார்த்தான். உடனே தொடங்கியது. ஆனால் கொஞ்ச தூரம் போனதும் உரிம எண் கேட்டு நின்றது. விண்டோஸோடு விற்கப்படும் மெஷின்களில் உரிம எண் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். நிறுவும்போது அது தானாக எடுத்துக்கொள்ளப்படும், நம்மிடம் கேட்காது. போர்டை மாற்றினால் அந்த எண்ணைப் புது போர்டில் பதிய வேண்டியது தயாரிப்பாளரின் வேலை. அது செய்யப்படவில்லை. இதைச் சொன்னபோது, "புது லைசன்ஸ் வாங்கிக்குங்க" என்றார்கள். மெஷின் விலையிலேயே அதற்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருக்கிறீர்கள். என்னிடம் பில் இருக்கிறது, அதில் விண்டோஸ் 11 என்று அச்சாகி இருக்கிறது. உரிமம் இல்லாமல் தாண்டிப் போகும் வழி அந்தத் திரையிலேயே இருக்கிறது என்று எனக்கும் தெரியும். சர்க்கார் அலுவலகத்துக்குப் போகிற தாள்களை அடிக்கும் கடையில் உரிமம் இல்லாத விண்டோஸை வைத்து ஓட்ட எனக்கு மனமில்லை.

மின்டையே ஏற்றிக்கொள்ளலாமே என்றும் தங்கள் ஊழியர் ஒருவர் சொன்னார். நல்ல மென்பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் காசு கொடுத்து வாங்கிய தமிழ்த் தட்டச்சு மென்பொருளும், கைரேகைக் கருவிக்கான டிரைவரும் விண்டோஸுக்கு மட்டுமே வந்தவை.

இதனால் யாருக்கு என்ன ஆனது என்று தங்கள் தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். திங்கட்கிழமை மதுரை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். எழுமலை, சேடபட்டி, செல்லம்பட்டிப் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே ஆட்கள் மனு அடிக்க வருவார்கள். திங்கள் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்கும் முன் கடைக்கு வந்து, அடித்த தாளோடு ஏறுகிறவர்களும் உண்டு. முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு ஆத்தா, சுருக்குப் பையிலிருந்து பழைய ஆணை நகலை எடுத்து மேஜையில் விரித்து வைத்தார். மெஷின் ஓடாத அன்று அவருக்கு நான் கையால்தான் எழுதிக் கொடுத்தேன். மற்றவர்களைத் திருப்பி அனுப்பினேன். வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார்கள், தங்கள் உதவி மையத்தைக் கேட்க மாட்டார்கள்.

எனக்கு வேண்டியவை இவை. விண்டோஸ் 11, 64 பிட் நிறுவல் பென்டிரைவோடு ஒரு டெக்னீஷியன் கடைக்கு வர வேண்டும். வந்தவர் என் உரிம எண்ணைப் புது போர்டில் பதிந்து, பயாஸ் பாஸ்வேர்டை நீக்கி, செக்யூர் பூட்டை இருக்கும்படியே விட்டு, விண்டோஸ் முழுதாக ஏறி ஆக்டிவேட் ஆனதை எனக்குக் காட்ட வேண்டும். பிரின்டரில் ஒரு தாள் அடித்துப் பார்த்த பிறகுதான் ஓடிபி கொடுப்பேன். தீர்ந்ததாக எழுதப்பட்ட பழைய புகாரைத் திருத்தி, தவறான டிஸ்க் கொடுக்கப்பட்டது என்று பதிவில் சேர்க்க வேண்டும். கடை நின்ற நாட்கள் எத்தனையோ, அத்தனை நாட்கள் வாரண்டியை நீட்டி எழுத்தில் தர வேண்டும். இந்த வட்டாரத்தில் அதே டிஸ்க் வேறு யாருக்கெல்லாம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அவர்களையும் தாங்களே அழைத்து மாற்றிக் கொடுங்கள். டிரைவ் போய்விட்டது என்ற பேச்சை நம்பிப் புது டிரைவ் வாங்கியவர்களும் இருக்கக்கூடும்.

இந்தக் கடிதம் கிடைத்து 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்வேன். வாங்குபவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. கடைக்கு வாங்கியது என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கில் சேராது என்று அதே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. அந்த மனுவையும் நானே அடித்துக்கொள்வேன், ஆனால் அந்த நிலைக்குப் போக எனக்கு விருப்பமில்லை.

பில் நகல், வாரண்டி அட்டை நகல், டெக்னீஷியன் விட்டுச்சென்ற சர்வீஸ் தாள், டிஸ்க்கின் இரு புறப் படங்கள், உள்ளே உள்ள கோப்புப் பட்டியலின் படம், பாஸ்வேர்டு கேட்கும் திரையின் படம் ஆகியவற்றை இத்துடன் வைத்துள்ளேன். டிஸ்க்கை அனுப்பவில்லை, என்னிடமே பத்திரமாக இருக்கிறது. வரும் டெக்னீஷியன் கடையில் வைத்துப் பார்க்கலாம். ஞாயிறு சாயங்காலமும் திங்கள் காலையும் மட்டும் தவிர்த்து, மற்ற எந்த நாளிலும் காலை ஒன்பது மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
உசிலம்பட்டி.