ஊரெல்லாம் பாத்திமா

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பேத்திக்கு வைக்க நீ அனுப்பிய பெயர்ப் பட்டியல் கிடைத்தது. உம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். பாதிப் பெயர்கள் அவள் நாக்கில் நிற்கவில்லை. மீதிப் பெயர்களைக் கேட்டால் மருந்துக்கடைச் சீட்டு போல இருக்கிறது என்றாள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனால் பட்டியலுக்குக் கீழே, போகிற போக்கில் நீ எழுதியிருந்த ஒரு வரி என்னை விடவில்லை: “பாத்திமா மட்டும் வேண்டாம் வாப்பா, ஊரெல்லாம் பாத்திமா.”

ஊரெல்லாம் பாத்திமா என்பதில் எனக்கும் மறுப்பில்லை. நம் தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு வாசலில் தலை தெரியும். அதனால்தான் கிணற்றடி வீட்டு பாத்திமா, சிலோன்காரர் மகள் பாத்திமா என்று அடையாளம் ஒட்டிக்கொள்கிறோம். இது நம்மூரில் தொடங்கிய நெருக்கடி என்று நினைத்துவிடாதே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஒரு முறை பட்டுத் துணி அன்பளிப்பாக வந்தது. அதைத் தம் மருமகன் அலீ (ரலி) அவர்களிடம் கொடுத்து, பாத்திமாக்களுக்கு முக்காடாகக் கிழித்துப் பங்கிடச் சொன்னார்கள். இமாம் முஸ்லிம் திரட்டிய ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இது இருக்கிறது. ‘ஃபவாத்திம்’ என்று பன்மையிலேயே வருகிறது. நாயகத்தின் மகள் ஒருவர், அலீ அவர்களைப் பெற்ற தாய் பாத்திமா பின்த் அசத் ஒருவர், நாயகத்தின் சிறிய தந்தை ஹம்ஸா அவர்களின் மகள் ஒருவர் என்று மார்க்கம் கற்ற உலமாக்கள் விளக்குவார்கள். ஒரே குடும்பத்துக்குள் இத்தனை பேர்! அதிலும் அலீயின் தாயார் இஸ்லாத்துக்கு முன்பே பிறந்து அந்தப் பெயரைச் சுமந்தவர். ஆக, நீ சொல்லும் குறை ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழைய குறை. அதைக் குறை என்று அவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை.

பொருளும் கேட்டிருந்தாய். இணையத்தில் ‘கற்புள்ளவள்’, ‘விலகி நிற்பவள்’ என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அவை தவறில்லை, ஆனால் பின்னால் வளர்ந்த கிளைகள். வேர், ஃபா, தா, மீம் என்ற மூன்று எழுத்து. அதிலிருந்து வரும் ‘ஃபிதாம்’ என்றால் பால்குடி மறக்கடித்தல். பாத்திமா என்றால் பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பவள். கன்று பால்குடி மறந்துவிட்ட தாய் ஒட்டகத்துக்கும் இதே வேரில் அரபியில் ஒரு சொல் உண்டு. பிறந்து சில நாளே ஆன சிசுவுக்கு இது என்ன பெயர் என்று உனக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஜித்தாவில் வேலை பார்த்தபோது என் மேலாளராக இருந்த எகிப்தியரிடம் கேட்டேன். “பாலைவனத்தில் பிறந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பால் மறக்கும் வயது வரை பிழைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்” என்றார். பெண் பிள்ளை வளர வேண்டும், தாயாக வேண்டும், அவள் பெறும் பிள்ளையும் இரண்டு வயதைத் தாண்ட வேண்டும். ஒரு பெயரில் இரண்டு தலைமுறைக்கான வேண்டுதலை, துஆவை, அடைத்து வைத்திருக்கிறார்கள். நரக நெருப்பிலிருந்து துண்டிக்கப்பட்டவர் என்ற விளக்கம் நாயகத்தின் மகளுக்கே உரியதாகப் பிறகு வந்தது. எனக்கு என்னவோ அந்தத் தாய்ப்பால் பொருள்தான் பிடித்திருக்கிறது.

ஊருக்கு ஊர் இந்தப் பெயர் எடுத்த உருவங்களைக் கேள். துருக்கியில் ஃபத்மா. ஈரானில் ஃபாத்திமே, செனகலில் ஃபாத்து, மாலியில் ஃபாத்துமாத்தா. ஜித்தாவில் பக்கத்து வீட்டுச் சிறுமியை அவள் தாய் ஃபத்தூம், ஃபத்தூம் என்று கொஞ்சுவாள். ரஷ்யாவின் தெற்கு மூலையில் தாகெஸ்தான் மலைகளில் இதே பெயர் பதிமத் என்று வழங்குகிறது. அவர்களுக்கும் நம்மைப் போலவே ‘ஃ’ வாயில் வராது போலும்! நம்மவர்கள் பாத்துமா ஆக்கினார்கள். அதோடு நிற்காமல் ஒரு முத்தையும் கோத்து பாத்துமுத்து என்றார்கள். உன் உம்மும்மாவின் தங்கைக்கு அந்தப் பெயர்தான். இலங்கையில் முஸ்லிம் பெண் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முதலில் பாத்திமாவை எழுதி, கூப்பிடும் பெயரைப் பின்னால் எழுதுவார்கள். பள்ளி வருகைப் பதிவேட்டில் வரிசையாக பாத்திமாக்கள்தான்.

தமிழுக்குள் இந்தப் பெயர் எப்போதோ வீடு கட்டிக் குடியேறிவிட்டது. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் பாத்திமா திருமணத்துக்கென்றே ஒரு படலம் பாடினார். இன்னொரு வழியாகவும் வந்தது, அதுதான் வேடிக்கை. போர்ச்சுகலில் ஃபாத்திமா என்று ஓர் ஊர் இருக்கிறது. முஸ்லிம் ஆட்சிக் காலத்து இளவரசி ஒருத்தியின் பெயர் என்று அங்கே கதை சொல்வார்கள். 1917இல் ஆடு மேய்த்த மூன்று பிள்ளைகளுக்கு அங்கே மாதா காட்சி தந்ததாகக் கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள். அந்த ஊர்ப் பெயரைச் சேர்த்துப் பாத்திமா மாதா என்றார்கள். அங்கிருந்து நம் கிறிஸ்தவ வீடுகளுக்கு பாத்திமா மேரி வந்தாள். மதுரையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பாத்திமா கல்லூரியை நீயே பார்த்திருக்கிறாய். மக்காவில் புறப்பட்ட பெயர் லிஸ்பன் பக்கம் சுற்றிக்கொண்டு மதுரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. உன் பட்டியலில் இருக்கும் எந்தப் பெயருக்கு இந்தப் பயணம் வாய்க்கும், சொல்.

கசப்பான பக்கத்தையும் மறைக்கவில்லை. அல்ஜீரியாவைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டபோது, வீட்டு வேலைக்கு வரும் முஸ்லிம் பெண் யாராக இருந்தாலும் ‘ஃபத்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு என்ன பெயர் என்று கேட்கும் சிரமம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பெயர் பெருகினால் இப்படி ஒரு அவமானத்துக்கும் இடம் கிடைத்துவிடுகிறது. உன் அச்சத்தில் இதுவும் ஒரு துளி இருக்குமோ என்று நினைக்கிறேன். வெள்ளைக்காரர் ஊரில் வாழ்பவளுக்கு இருக்கத்தான் செய்யும். ஆனால் அதே அல்ஜீரியாவில் 1936இல் பாத்திமா ஸொஹ்ரா என்று பெயரிடப்பட்ட ஒரு பெண், அஸ்ஸியா ஜபார் என்ற புனைபெயரில் பிரெஞ்சு மொழியிலேயே எழுதி, 2005இல் பிரெஞ்சு அகாடமிக்குத் தேர்வானார். வேலைக்காரிக்கு ஃபத்மா என்று பெயர் வைத்தவர்களின் மொழியைக் காக்கும் சபையில் ஒரு பாத்திமாவுக்கு நாற்காலி போட வேண்டி வந்தது. நம் நாட்டில் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியும் ஒரு பாத்திமாதான். 1989இல் பதவியேற்ற பாத்திமா பீவி, 1997இல் தமிழ்நாட்டுக்கு ஆளுநராகவும் வந்தார். வட ஆப்பிரிக்காவில் 909இல் எழுந்து, பிறகு கெய்ரோவைக் கட்டி 1171 வரை ஆண்ட பாத்திமியக் கிலாஃபத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணின் பெயரால் தங்களை அழைத்துக்கொண்ட அரச குலங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இனி உன் பட்டியலுக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதே. மூன்றாவதாக ‘அன்அம்தா’ என்று எழுதியிருக்கிறாய். கேட்க இனிமைதான். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இப்போது நிறையப் பேர் வைக்கிறார்கள். சூரா பாத்திஹாவில் தினமும் ஓதுகிறோமே, அதில் வருகிற சொல். ஆனால் அது ‘நீ அருள் புரிந்தாய்’ என்ற வினைச்சொல்; அல்லாஹ்வை முன்னிலையாக்கிச் சொல்வது. ஒரு பிள்ளையை அப்படிக் கூப்பிட்டால் அரபி தெரிந்தவர் திகைத்துப்போவார். குர்ஆனில் இருக்கிறது என்பதாலேயே ஒரு சொல் பெயராகிவிடாது மகளே. யாரும் வைக்காத பெயர் வேண்டும் என்று தேடினால் இப்படித்தான் வினைமுற்றில் போய் முட்டிக்கொள்ள நேரும்.

பெயரிடும் உரிமை உனக்கும் மருமகனுக்கும்தான். நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம். வேறு காரணம் இருந்தால் விட்டுவிடு. பலர் வைத்திருக்கிறார்கள் என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் அதைத் தள்ளிவிடாதே என்கிறேன். மனம் ஒப்பவில்லை என்றால் நாயகத்தின் மகளான பாத்திமா அம்மையாரின் சிறப்புப் பெயர்களே இருக்கின்றன: ஸஹ்ரா என்றால் ஒளி பொருந்தியவர், பத்தூல் என்றால் உலகை விட்டு இறைவனிடம் ஒதுங்கியவர். சின்னப் பெயர்கள், வெள்ளைக்காரர் வாயிலும் நிற்கும். உம்மாவுக்கு ஸஹ்ரா பிடித்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை, பேத்திக்குத் தைக்கிற சட்டையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாத்திமாதான் என்று முடிவானால் எழுத்தில் கவனம் வை. நம்மூர்ச் சான்றிதழ்களில் ‘த’ ஒலிக்காக ‘டி’யோடு ‘எச்’ சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். உன் லாத்தாவின் பாஸ்போர்ட்டில் ஒரு விதமும் கல்லூரிச் சான்றிதழில் இன்னொரு விதமுமாக இருந்து, விசாவுக்கு அவள் எத்தனை முறை உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தாள் என்பது உனக்குத் தெரியும். அங்கே ‘எச்’ போட்டால் நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துப் படிப்பார்கள், பெயரே மாறிவிடும். எஃப், ஏ, டி, ஐ, எம், ஏ. ஆறு எழுத்து போதும். இங்கிலாந்தில் பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் இருக்கிறது என்று மருமகன் சொன்னார். கடைசி நாள் வரை இழுத்தடிக்க வேண்டாம், ஏழாம் நாளில் பெயர் வைத்ததும் பதிந்துவிடுங்கள்.

பிள்ளை பிறந்ததற்காகக் கொடுக்கும் அகீகா ஆட்டை இங்கே அறுப்பதா அங்கேயா என்று உடனே தகவல் சொல். இங்கே என்றால் கறிக்கடைக்காரரிடம் இப்போதே சொல்லிவைக்க வேண்டும், வளர்ப்பு ஆடு நல்லதாகப் பார்த்து வைப்பார். பெண் பிள்ளைக்கு ஒன்று போதும்.

வஸ்ஸலாம்,
வாப்பா