வளவைத் தாண்டுமா அந்த வண்டி?

தமிழ்நாடு காவல்துறைக்கு வெடிகுண்டு செயலிழப்பு வண்டிகள் வாங்கும் கொள்முதல் குழுவினருக்கு,

வணக்கம். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் என் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டுச் சாவி பத்து வருடமாக என் இடுப்பில்தான் இருக்கிறது. அதற்கு முன் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் உதிரிபாகக் கிடங்கு பார்த்தேன். இந்த இரண்டு வேலையும்தான் என்னை எழுத வைக்கின்றன.

போன மாசியில், எங்கள் தெருவில் பூட்டிக் கிடந்த வீடொன்றின் திண்ணையில் ஒரு பை கேட்பாரற்று இருந்தது. சினிமாப் படப்பிடிப்புக்கு வந்தவர்கள் மறந்துவிட்டுப் போனது. உள்ளே ஒப்பனைச் சாமான். அது தெரிவதற்குள் தெருவே காலியாகிவிட்டது. கவச உடை மாட்டிய ஒரு பிள்ளை தனியாக நடந்து போனதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அந்த உடை சுமார் 35 கிலோ. வெயில் வேறு. அந்தப் பிள்ளைக்குப் பதில் ஒரு இயந்திரம் போகட்டும் என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான்.

இந்த வகை இயந்திரத்தின் பிறப்பே வேடிக்கையானது. 1972-இல் வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ராணுவம், தோட்ட வேலைக்கான மின்சாரத் தள்ளுவண்டியின் அடிப்பாகத்தை வைத்துத்தான் முதலில் செய்து பார்த்தது. பெயரும் தள்ளுவண்டி என்றே நிலைத்தது. நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ வடிவமைத்த தக்ஷ் என்ற வண்டி படி ஏறும். பார்வைக்கு எட்டும் வெட்டவெளியில் 500 மீட்டர் வரை அதை இயக்கலாம்.

வெட்டவெளி என்பதுதான் எனக்கு இடிக்கிறது. எங்கள் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முகப்புப் படி ஏற வேண்டும், திண்ணை, நிலைவாசல், பிறகு வளவு என்கிற நடுமுற்றம், அதற்கப்பால் உள்ளே தள்ளியிருக்கும் இரண்டாங்கட்டு, அடுப்படி. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வாசற்படி தடுக்கும். கீழே வழவழவென்று ஆத்தங்குடிக் கல். எண்ணெய் சிந்தியிருந்தால் மனிதனே வழுக்குவான். சுண்ணாம்புச் சாந்துச் சுவர்களின் கனம் உங்களுக்குத் தெரியும். என் கைப்பேசிக்கே இரண்டாங்கட்டில் சிக்னல் கிடைக்காது. ரிமோட்டுக்கு மட்டும் கிடைத்துவிடுமா? கம்பிவடத்தை இழுத்துக்கொண்டு போகும் வசதியும் வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதுங்கள்.

வெளிநாட்டுச் சரக்கு வேண்டாம் என்பவன் அல்ல நான். பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் இல்லாமல் செட்டிநாடு ஏது? ஆனால் அந்தத் தேக்கை இழைக்கத் தெரிந்த தச்சர் இங்கேயே இருந்தார். அதனால்தான் நூறு வருடம் கழித்தும் எங்கள் கதவு சாத்துகிறது.

மத்திய அரசு 2020-இல், தன் துறைகளின் 200 கோடி ரூபாய் வரையிலான கொள்முதலுக்குப் பொதுவாக உலகளாவிய டெண்டர் இல்லை என்று விதித்தது. உள்நாட்டு மதிப்பு 50 விழுக்காடு இருந்தால் முன்னுரிமை. ஆகவே இந்த வண்டி செய்யும் கனடாக்காரரோ ஜெர்மனிக்காரரோ உள்ளே வர, இங்கே ஒரு கூட்டாளியைத் தேடுகிறார்கள். நல்லது. அந்தக் கூட்டாளியிடம் பட்டறை இருக்கிறதா, பெயர்ப்பலகை மட்டும்தானா என்று நேரில் போய்ப் பாருங்கள். நான் வேலை பார்த்த இடத்தில் உள்ளங்கை அகல மின்பலகை ஒன்றுக்காக ஒரு கிரேன் நாலு மாதம் நின்றது. வாங்கும்போது அந்தக் கிரேன்தான் விலை குறைவு. தொழில்நுட்பத்துக்கும் விலைக்கும் தனித்தனி உறை வாங்கும் இரு உறை முறையில் விலை உறையைப் பிரிக்கும்போது பத்து வருட உதிரிபாகம், பேட்டரி, பயிற்சி எல்லாவற்றையும் கூட்டிய தொகைக்கு எல்-1, அதாவது குறைந்த விலைக்காரர் யார் என்று பாருங்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேச வேண்டாம்.

பேட்டரி என்றதும் ஒன்று. அழகப்பச் செட்டியார் நிலம் கொடுத்து எழுந்த சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில்தான் இருக்கிறது. லித்தியம் பேட்டரி அவர்கள் ஆராய்ச்சியில் ஒன்று. விற்பவர் பேட்டரியின் வடிவமைப்பைத் திறந்து காட்டச் சம்மதித்தால், அதை இங்கேயே மாற்றிக் கட்ட வழியுண்டா என்று அவர்களிடம் கேட்கலாமே.

அண்ணனிடம் பேசிவிட்டேன். சோதனை ஓட்டத்துக்கு எங்கள் வீட்டைத் தருகிறோம். தரையில் கீறல் விழுந்தால் ஆத்தங்குடியில் கல் வாங்கிக்கொள்ளலாம். வருவதற்கு இரண்டு நாள் முன்னால் சொல்லிவிடுங்கள். பின்கட்டுக் கதவுக்கு எண்ணெய் விட வேண்டும்.

இப்படிக்கு,
கானாடுகாத்தானில் சாவி வைத்திருப்பவன்