செயலாளரின் ஆண்டறிக்கை: காட்ஸில்லா வட்டுத் தொகுப்பு ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள கழக அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நமது திரைப்படக் கழகத்தின் கடந்த ஆண்டுச் செயல்பாடுகளைப் பற்றிய அறிக்கையைப் பணிவன்புடன் சமர்ப்பிக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கவிருப்பதால் அதை நான் தொடவில்லை.

பல நாட்டுப் படங்களைக் கலந்து பார்த்துவந்த வழக்கத்தை விட்டு, ஒரே தொடரை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகப் பார்ப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். அதன்படி, ஜப்பானின் தோஹோ நிறுவனம் 1954 முதல் 1975 வரை எடுத்த 15 காட்ஸில்லா படங்களும் (ரப்பர் உடுப்பணிந்த நடிகரே காட்ஸில்லா என்ற ராட்சத அரக்கனாக வரும் படங்கள்) தேர்வாயின. இவற்றை ஒன்றாகச் சேர்த்து அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2019 அக்டோபரில், தன் வரிசையில் 1000ஆவது எண்ணிட்டு, எட்டு ப்ளூ-ரே வட்டுகளில் வெளியிட்டது. அத்தொகுப்பு நம் வட்டு நூலகத்துக்கு வாங்கப்பட்டது. வீட்டில் பார்ப்பதற்கு மட்டுமே உரிமம் பெற்ற வட்டுகள் என்பதால் பொதுத் திரையிடல் எதையும் நடத்தவில்லை. உறுப்பினர்கள் முறைவைத்து எடுத்துச் சென்று தத்தம் வீட்டில் பார்த்தார்கள். மாதக் கூட்டத்தில் கூடிப் பேசினோம்.

தொடக்கத்திலேயே ஒரு தடங்கல் வந்தது. ப்ளூ-ரே வட்டுகளுக்கு மண்டலப் பூட்டு உண்டு. அமெரிக்காவும் ஜப்பானும் ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். ஆகவே நம் ஊர்க் கடைகளில் வாங்கிய பிளேயர்கள் இவ்வட்டுகளை ஏற்க மறுத்தன. எல்லா மண்டல வட்டுகளையும் ஓட்டக்கூடிய பிளேயர் ஒன்றைச் செயற்குழு வாங்கி, அதையும் வட்டுகளோடு சேர்த்தே இரவல் கொடுக்க ஏற்பாடு செய்தது. பிளேயரைத் திருப்பித் தரும்போது ரிமோட்டையும் தர வேண்டும் என்பதை இவ்விடத்தில் நினைவூட்டுகிறேன்.

முதல் படத்தைப் பற்றிய விவாதமே ஆண்டின் நல்ல விவாதங்களில் ஒன்றாக அமைந்தது. "ரப்பர் உடுப்புப் படத்துக்கு ஒரு வருடமா?" என்று கேட்டிருந்த மூத்த உறுப்பினர்கள் சிலர், இதைப் பார்த்தபின் அக்கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் கதிர்வீச்சுச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்து, அதிலிருந்த 23 பேரும் நோயுற்று, படகின் வானொலிக் கருவியை இயக்கியவர் செப்டம்பரில் இறந்துபோனார். அந்த ஆண்டு நவம்பர் 3இலேயே வெளிவந்த இப்படம் ஒரு படகு கடலில் தீப்பற்றி அழிவதோடு தொடங்கும்போது, அன்றைய ஜப்பானிய ரசிகருக்கு விளக்கம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. ரயிலில் செல்லும் சாதாரண மனிதர்கள் கதிர்வீச்சு ஏறிய சூரை மீனைப் பற்றியும், நாகசாகியிலிருந்து தப்பி வந்ததைப் பற்றியும் பேசிக்கொள்ளும் சிறு காட்சி ஒன்று உண்டு. 1956இல் ரேமண்ட் பர் என்ற நடிகரைச் செய்தியாளராக நுழைத்து அமெரிக்கர்கள் 80 நிமிடங்களாகச் சுருக்கிய பதிப்பில் இக்காட்சி இல்லை. இரண்டு பதிப்புகளும் தொகுப்பில் இருப்பதால், என்ன நீங்கியது என்பதை உறுப்பினர்கள் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

பழம்படத்தைப் புதுப்பிப்பது என்றால் கீறலைத் துடைத்து நிறத்தைச் சரிசெய்வது மட்டும்தான் என்று நம்மில் பலர் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றியது 1962இல் வெளிவந்த கிங்காங்–காட்ஸில்லா மோதல் படம். பள்ளி விடுமுறைக் காலத்தில் சிறுவர்களுக்காகத் தோஹோ நடத்திய படவிழாவுக்கென, 1970இல் இயக்குநர் இஷிரோ ஹோண்டாவே இந்த 97 நிமிடப் படத்தை 74 நிமிடங்களாக வெட்டினார். வெட்டியது பிரதியில் அல்ல, மூல நெகட்டிவிலேயே. அதன்பின் பல ஆண்டுகள், முழுப் படத்துக்குச் சான்றாக நிறம் மங்கிச் சேதமடைந்த, சிறிய அளவான 16 மி.மீ. பிரதி ஒன்றே எஞ்சியிருந்தது. வீட்டு வீடியோவுக்காக 1980களில் அதை எடுத்து ஒட்டியபோது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் படம் வெட்டுப்பட்ட இடம் வந்ததும் சட்டென்று மங்கிப் பழுப்பாகி, அடுத்த காட்சியில் மீண்டும் தெளிந்தது. நீக்கப்பட்ட பகுதிகளின் ரீல்கள் பின்னர் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. முழுதும் திரையரங்கு அளவான 35 மி.மீ. மூலங்களிலிருந்தே அமைந்த, மிகு தெளிவுள்ள 4கே பதிப்பு 2016 ஜூலையில்தான் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்தது. ஆக, ஒரு நிறுவனம் தன் கையால் வெட்டியதைத் தானே தேடி ஒட்டுவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

இதில் கிரைட்டீரியன் தொகுப்பின் மேல் நமக்குள்ள குறையையும் பதிவு செய்கிறேன். படவரிசையில் அவர்கள் வைத்திருப்பது இந்தக் கிங்காங் படத்தின் அமெரிக்கப் பதிப்பை. ஜப்பானிய மூலம் எட்டாவது வட்டில், பேட்டிகள் முதலிய இணைப்புகளோடு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கப் பதிப்பில் செய்தி வாசிப்பவர்கள் அடிக்கடி குறுக்கிட்டுக் கதையை விளக்குகிறார்கள். அகிரா இஃபுகுபேயின் இசை பெரும்பாலும் நீக்கப்பட்டு, கிடங்கிலிருந்து எடுத்த பழைய இசைத் துண்டுகள் வைக்கப்பட்டிருக்கின்றன. மூலப் படமோ தொலைக்காட்சி விளம்பரதாரர்களைக் கேலி செய்யும் நகைச்சுவைப் படம். தங்கள் நிகழ்ச்சிக்குப் பார்வையாளர் சேர வேண்டும் என்பதற்காகவே ஒரு மருந்துக் கம்பெனி கிங்காங்கைப் பிடித்துவர ஆள் அனுப்புகிறது. அந்தக் கேலி அமெரிக்கப் பதிப்பில் பெரிதும் கரைந்துவிட்டது. எனவே எட்டாவது வட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று கழகத்தின் சார்பில் சீட்டு எழுதி அட்டைப்பெட்டிக்குள் வைத்திருக்கிறோம்.

படத்தரத்தைப் பற்றியும் கருத்து வேறுபாடு இருந்தது. கிரைட்டீரியன் 15 படங்களையும் புதிதாகச் செப்பனிடவில்லை. தோஹோவிடம் இருந்த எச்.டி. பிரதிகளைப் பெற்றே வட்டில் ஏற்றியிருப்பதால், தரம் படத்துக்குப் படம் மாறுகிறது. ஆயினும் அகலத்திரைச் சட்டகம் முழுமையாகக் கிடைப்பதே பெரிய ஆதாயம் என்பது என் கருத்து; பழைய வீடியோ கேசட்டுகளில் இருபுறமும் வெட்டுப்பட்டு, இரண்டு அரக்கர்கள் மோதும் சண்டையில் ஒருவரே தெரிவார்.

தெளிவு கூடியதால் கிடைத்தது இன்னொரு விவாதம். மூன்று தலை அரக்கன் கிடோராவைத் தூக்கி ஆட்டும் கம்பிகள் இப்போது கண்ணுக்குத் தெரிகின்றன. காட்ஸில்லாவின் கழுத்தில், உடுப்புக்குள் இருப்பவர் வெளியே பார்ப்பதற்காக விட்ட சிறு துளைகளும் தெரிகின்றன. கணினியில் அழித்திருக்கலாமே என்று இளைய உறுப்பினர்கள் கேட்டார்கள். அழிக்கக் கூடாது என்ற பக்கமே பெரும்பான்மை நின்றது, நானும் நின்றேன். முதல் படத்தில் ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள ரப்பர் உடுப்பை அணிந்து நடிகர் ஹருவோ நகாஜிமா நடக்க, அந்நடைக்கு மலையின் கனம் வர வேண்டும் என்று தந்திரக் காட்சிகளை எடுத்த ஐஜி சுபுராயா, திரையில் அசைவு மெதுவாகத் தெரியும்படி கேமராவை வேகமாக ஓட்டிப் பிடித்தார். சட்டகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் கையால் செய்யப்பட்டது. கம்பியை மட்டும் மறைத்தால், அந்த வேலையைச் செய்தவர்களின் கைத்தடத்தைத் துடைத்தது போலாகும்.

1966க்குப் பிந்தைய படங்களைச் சற்று வேகமாகவே கடந்தோம். செலவு குறைந்து, பழைய சண்டைக் காட்சிகளையே மறுபடியும் எடுத்து ஒட்டிய படங்கள் அவற்றில் உண்டு. விதிவிலக்கு, யோஷிமிட்சு பன்னோ 1971இல் எடுத்த ஹெடோரா படம். தொழிற்சாலைக் கழிவில் வளரும் அரக்கனைப் பற்றிய இப்படத்துக்கு, ஆற்றங்கரை ஊர்களிலிருந்து வரும் நம் உறுப்பினர்களிடையே கிடைத்த வரவேற்பு நான் எதிர்பாராதது. ஹோண்டா திரும்பி வந்து இயக்கிய 1975ஆம் ஆண்டுப் படத்தோடு வரிசை நிறைவுற்றது.

முதல் படத்தைக் கிரைட்டீரியன் 2024இல் 4கே அல்ட்ரா எச்.டி. வட்டாகவும் வெளியிட்டுள்ளது. அவ்வகை வட்டுகளுக்கு மண்டலப் பூட்டு இல்லை. ஆனால் நம்மிடம் உள்ள பிளேயரில் அவை ஓடா. அவ்வட்டையும், அதை ஓட்டக்கூடிய பிளேயர் ஒன்றையும் வரும் ஆண்டில் வாங்குவதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோரும் தீர்மானத்தை இத்துடன் முன்மொழிகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்