ஜென் தியானத்தில் சிரிப்புக்கும் இடமுண்டு

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் ஜென் தியானம் பற்றி வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் ‘சிலைபோல, முகத்தில் சலனமே இல்லாமல்’ இருக்கவேண்டும் என்ற வரியை அப்படியே நம்பி இருக்கிறவர்கள் ஒரு கிழமைக்குள் நாரி நோவோடு எழும்பிவிடுவார்கள். வீணை நரம்பை முறுக்கினாலும் நாதம் வராது, தளரவிட்டாலும் வராது என்று புத்தர், அளவுமீறிப் பயிற்சி செய்த சோணர் என்ற தன் சீடருக்குச் சொன்னது இதைத்தான்.

முதலில் இருக்கிற முறை. இலவம்பஞ்சுத் தலையணையில் இருந்தால் அது பத்து நிமிடத்தில் அமிழ்ந்துபோகும். தடித்த போர்வையை நான்கைந்து அங்குல உயரத்துக்கு மடித்து, அதன் முன்பக்கத்தில் இருந்தால் இடுப்பு சற்று முன்னே சரிந்து இரண்டு முழங்கால்களும் பாயில் படும். முழங்கால் அந்தரத்தில் நின்றால் பாரமெல்லாம் நாரிக்குத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் உயரத்தைக் கூட்டுங்கள். ஏலாதவர்கள் கதிரையில் சாயாமல் இருக்கலாம். அதில் ஒரு குறையும் இல்லை. இருந்ததும் இடமும் வலமுமாக ஆடி, ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நடுவில் நிறுத்தவேண்டும்.

இறுக்கத்தைக் காட்டிக்கொடுப்பது பெருவிரல். வலக்கைமேல் இடக்கையை வைத்து, இரு பெருவிரல் நுனிகளும் நடுவில் ஒரு கடதாசியைப் பிடித்திருப்பதுபோல மெல்லத் தொடவேண்டும். மனம் முறுகினால் அவை மேலே கூம்பும். நித்திரை வந்தால் பிரிந்து விழும்.

சிரிப்பு வேண்டியது மூச்சை எண்ணும்போது. பத்துவரை எண்ணி ஒன்றுக்குத் திரும்பவேண்டியவர், பதினேழில் நிற்பதைத் திடீரென்று காண்பார். அந்த இடத்தில் தன்னையே ஏசினால் தாடை இறுகும், மூச்சு நெஞ்சுக்கு ஏறும், அடுத்த சுற்று இன்னும் கெதியாகக் குழம்பும். கடைவாயில் ஒரு சின்னச் சிரிப்போடு ஒன்றுக்குத் திரும்பினால் தோள் தானாக இறங்கும். நடுவில் கோயில் ஒலிபெருக்கி தொடங்கினாலும் இதே மருந்துதான். வலிந்து சிரிக்கிற சிரிப்பு இதற்கு உதவாது. அதுவும் ஒரு முறுக்குத்தான்.

ஜப்பானிய ஆசான் ஹகுயின் (1686–1769) இளவயதில் கடும் பயிற்சியால் தலை கொதித்து, கால் குளிர்ந்து நோயில் விழுந்தவர். அவரைத் தேற்றிய முறை, வாத்து முட்டையளவு வெண்ணெய் உச்சந்தலையில் இருந்து உருகி, தோள், நெஞ்சு, வயிறு வழியாக உள்ளங்கால்வரை வடிவதாக நினைப்பது. யாழ்ப்பாண வெக்கையில் வெண்ணெய் உருகுவதை நினைக்க யாருக்கும் சிரமம் இராது! பிற்காலத்தில் அவர் வரைந்த, ஜென் மரபின் முதல் ஆசானான போதிதர்மரின் படங்களில் அந்த உருட்டு விழியே பார்க்கிறவரைச் சிரிக்கவைக்கும்.

செங்காய் (1750–1837) என்ற ஜப்பானிய ஜென் துறவி வரைந்தது, வாயகலச் சிரித்தபடி குந்தியிருக்கும் ஒரு தவளை. சும்மா குந்தியிருந்தாலே புத்தராகலாம் என்றால் தவளை எப்போதோ ஆகியிருக்குமே என்பது அதன் பகிடி. கட்டுரையின் அடுத்த பகுதியில் அந்தப் படத்தையும் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.