குலுக்கலுக்கு முன்பே பான் கார்டை எடுத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவில் ஓராண்டு தங்கி, ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்க வழி செய்யும் ‘வொர்க் அண்ட் ஹாலிடே’ விசா பற்றி உங்கள் கல்வி இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வயது வரம்பு, குலுக்கல் முறை, கட்டணம் எல்லாம் சரியாகவே இருந்தன. எந்தக் காகிதத்தை எப்போது தயார் செய்வது என்பதுதான் விட்டுப்போயிருந்தது. மன்னார்குடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். கட்டுரையைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகளிடம் நான் தினமும் சொல்வதை உங்களுக்கும் எழுதலாம் என்று தோன்றியது.

இந்தியாவுக்கு ஆண்டுக்கு 1,000 இடம். இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தில் வந்த சலுகை இது. 2024 அக்டோபரில் முதல் குலுக்கலுக்குப் பதிவு திறந்தபோது, இரண்டே வாரத்தில் சுமார் 40,000 பேர் பதிந்துவிட்டதாக அந்த நாட்டுத் துணை அமைச்சர் ஒருவரே சொன்னார். பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர், நம் கணக்கில் சுமார் 1,500 ரூபாய். பெயர் வராவிட்டால் அது திரும்பி வராது. பெயர் வந்தால் 28 நாளுக்குள் விசாவுக்கு முழு விண்ணப்பம் போட்டாக வேண்டும். எல்லாச் சிக்கலும் இந்த 28 நாளில்தான். குலுக்கலில் விழட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். விழுந்த பிறகு பார்க்க நேரம் இருக்காது.

முதலில் பெயர். பதிவு செய்யவே பாஸ்போர்ட்டும் பான் கார்டும் வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இனிஷியல்தானே வழக்கம்? மதிப்பெண் சான்றிதழில் ‘கார்த்திகேயன் மு’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு வெறும் ‘கார்த்திகேயன்’ என்று வாங்கியிருப்பார்கள். பான் கார்டுக்கு இனிஷியல் செல்லாது என்பதால் அங்கே அப்பா பெயரும் சேர்ந்து ‘கார்த்திகேயன் முருகேசன்’ ஆகியிருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், கான்பெராவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? எழுத்துப் பிழைகள் வேறு. பள்ளியில் ஒரு ‘எச்’ கூடுதலாக எழுதியிருப்பார்கள், பான் கார்டில் அது காணாமல் போயிருக்கும். பான் திருத்தத்துக்குச் செலவு 107 ரூபாய்தான். பாஸ்போர்ட்டில் மாற்ற வேண்டுமென்றால் மறுவிநியோகத்துக்கு 1,500 ரூபாய், தஞ்சாவூர் சேவா கேந்திரத்துக்கு ஒரு நடை, அப்புறம் போலீஸ் விசாரணை. காசு பெரிதில்லை, நாள்தான் போகும். பதிவு திறப்பதற்கு நாலைந்து மாதம் முன்பே மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்து ஆங்கிலம். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு என்றதும் பயந்து, பெரிய கோச்சிங் சென்டரில் பணத்தைக் கொட்டுகிறார்கள். இந்த விசாவுக்குச் சராசரி 4.5 எடுத்தால் போதும். நிரந்தரக் குடியேற்றத்துக்குக் கேட்கும் மதிப்பெண்ணை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆங்கில வழியில் படித்தவர்கள் அந்தப் படிப்பையே சான்றாகக் காட்டவும் வழி இருக்கிறது. அதற்குக் கல்லூரியில் பயிற்றுமொழிச் சான்று வாங்க வேண்டும். படித்து முடித்த கல்லூரிக்குத் திரும்பிப் போய் ஒரு சான்று வாங்குவது எவ்வளவு சுலபம் என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை! முதல்வர் விடுப்பு, எழுத்தர் பயிற்சிக்குப் போயிருக்கிறார், முத்திரை உள்ள அறை பூட்டியிருக்கிறது. தேர்வு எழுதுபவர்கள் விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்துக்குள் எழுதியதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பதினைந்தாயிரத்துக்கு மேல் கட்டி எழுதியது காலாவதியானால் வயிறு எரியும்.

பணக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். வங்கியில் 5,000 டாலர், சுமார் மூன்று லட்சம் ரூபாய், அதோடு திரும்பி வருவதற்கான டிக்கெட் பணமும் காட்ட வேண்டும். ஒரு வாரத்துக்குக் கைமாற்று வாங்கிப் போட்டுவிட்டு எடுத்துவிடலாமா என்று கேட்காத அப்பா இல்லை. போய் இறங்கியதும் அறைக்கு முன்பணம், முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு, பஸ், போன் எல்லாம் அந்தப் பணத்தில்தான் என்று நான் திருப்பிச் சொல்வேன். விசாக் கட்டணமும் விமான டிக்கெட்டும் இதற்கு மேல். இந்தியர்களுக்கு அங்கே அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது, தனியார் காப்பீடு எடுத்துக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம்.

ஓட்டுநர் உரிமம் உள்ளவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளலாம், ஓராண்டு செல்லும். இரண்டாவது ஆண்டும் தங்க நினைப்பவர்கள் முதல் ஆண்டில் மூன்று மாதமாவது அந்த அரசு குறித்திருக்கும் பகுதிகளில், குறித்திருக்கும் வேலையைச் செய்திருக்க வேண்டும். பழப் பண்ணை, மாட்டுப் பண்ணை போன்ற வேலைகள் அதில் வரும். அப்படிப்பட்ட ஊர்களில் மினி பஸ்ஸை எதிர்பார்த்து நிற்க முடியாது.

இனி ஏஜெண்டுகள். சென்ற முறை பதிந்த ஒரு பையன், பெயர் வந்ததா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் வந்தான். எந்த மின்னஞ்சலில் பதிந்தாய் என்றால் தெரியாது. பாஸ்வேர்டு தெரியாது. பக்கத்து ஊரில் உள்ள ஒருவர் நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டு, தன்னுடைய மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிந்திருக்கிறார். தேர்வுக் கடிதம் வந்தாலும் அவருக்குத்தான் வரும். போன் செய்தால் ‘வெயிட்டிங்கில் இருக்கிறது தம்பி’ என்கிறார். கணினி தன் போக்கில் பொறுக்கி எடுக்கும் குலுக்கலில் ‘கன்ஃபர்ம்’ செய்து தர யாராலும் முடியாது. சொந்த மின்னஞ்சல், சொந்த பாஸ்வேர்டு, நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். என் கடையில் பதிந்தாலும் சரி, வேறு கடையில் பதிந்தாலும் சரி, இதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அதே ஆசாமி, இரண்டு ஆண்டுக்கு நிரந்தர வேலை, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போகலாம் என்றும் சொல்லியிருக்கிறார். இந்த விசாவில் பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியாது. பொதுவாக ஒரு முதலாளியிடம் ஆறு மாதம்தான் வேலை பார்க்கலாம். பெயரிலேயே விடுமுறை என்றுதான் இருக்கிறது! சம்பாதித்து வீட்டுக் கடனை அடைக்கலாம் என்று அம்மாவின் நகையை அடகு வைத்துப் போகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்: இந்த விசாவில் போகிறவர்களுக்கு, அந்நாட்டு வரித்துறையில் பதிவு செய்த முதலாளியிடம் வேலை பார்த்தால், முதல் டாலரிலிருந்தே 15 சதவீத வரி, 45,000 டாலர் வரை அந்த விகிதம். ஓய்வூதிய நிதிக்கென்று முதலாளி போடும் பணத்தை ஊர் திரும்பிய பின் எடுத்தால் 65 சதவீதம் வரியாகப் போய்விடும். வரி எண் வாங்க அங்கே கட்டணமே இல்லை. அதற்கும் ‘பேக்கேஜ்’ என்று இங்கே காசு வாங்குகிறார்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகும், போக வேண்டாம் என்று நான் யாரையும் தடுப்பதில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, உறவுக்காரர் யாரும் இல்லாத ஊரில், தன் உழைப்பில் ஓராண்டு வாழ்ந்து பார்க்க நம் பக்கத்தில் வேறு என்ன வழி இருக்கிறது? அதனால்தான் இந்தக் கவலை.

திருவாரூர் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம், அடுத்த பதிவு திறப்பதற்குச் சில மாதம் முன்பாக அரைநாள் முகாம் ஒன்று நடத்தினால் நல்லது. பாஸ்போர்ட், பான் கார்டு, மதிப்பெண் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வரச் சொல்லி, பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்த்து அனுப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும். நீங்களும் பதிவுத் தேதி வந்த பிறகு செய்தி போடுவதோடு நிறுத்தாமல், தயாராவதற்கான பட்டியலை அதற்கு முன்பே ஒரு முறை வெளியிட வேண்டுகிறேன். அதை என் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்தும் வாசகி,
மன்னார்குடி.