அஞ்சுகட்டைக்கு, குன்னூர்லேர்ந்து

டேய் அஞ்சுகட்டை,

ஆறு மாசமா ஒரு போன் கூட பண்ணலன்னு நீ திட்டுறது இங்க வரைக்கும் கேட்குது, திட்டிக்கோ. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான், ரிப்பேர் கடை ஓடுது, மழை விட்டபாடில்ல, பல்லிகுண்டு வாத்தியார் ரிட்டயர் ஆயிட்டார். போன்ல சொன்னா சிரிச்சே கொன்னுடுவ, அதான் டைப் பண்றேன்.

நீ பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தியே அயர்லாந்து படம், 'ஒன்ஸ்', ரெண்டு வருஷமா டிராயர்லயே கிடந்துச்சு. போன வாரம் ராத்திரி பார்த்துத் தொலைச்சேன். ஹீரோ யாருடா? வேக்குவம் கிளீனர் ரிப்பேர்காரன், டப்ளின் ரோட்ல கிடாரோட நின்னு பாடுறவன். அந்தப் பொண்ணு ரிப்பேருக்குன்னு கிளீனரை நாய்க்குட்டி மாதிரி தரதரன்னு இழுத்துட்டு வருது. ரெண்டு பேருக்கும் படம் பூரா பேரே கிடையாது. மியூசிக் கடையில சாப்பாட்டு நேரத்துல கடைக்காரர் அவளை பியானோ வாசிக்க விடுவார், அங்க இவன் தன் பாட்டைச் சொல்லிக் குடுக்க, அவ மெதுவா பிடிச்சுக்கிட்டு கூடவே பாட ஆரம்பிப்பா பாரு, நான் டீயை ஆற விட்டுட்டேன்.

ஊட்டி ஒன்பதாவது மைல்ல ஸ்கூல் கட் அடிச்சுட்டுப் பார்த்த ஷூட்டிங் ஞாபகம் இருக்கா? பெட்டியில ரெண்டு வரி பல்லவி ஓடும், ஹீரோயின் மெல்லிசு சேலையில நடுங்கிட்டே வாயசைக்கும், கட்னதும் ஒருத்தன் சால்வையோட ஓடுவான், மறுபடி அதே ரெண்டு வரி. மத்தியானத்துக்குள்ள நமக்கே அந்தப் பாட்டு வெறுத்துப் போச்சு. இதுல அந்த டகால்டியே இல்ல. முதல்ல சிலியன் மர்ஃபி நடிக்கிறதா இருந்துச்சாம், அவர் விலகினதும் டைரக்டர் ஜான் கார்னி பாட்டு எழுதின கிளென் ஹன்சார்டையே ஹீரோவாக்கிட்டார், கார்னியே முன்னாடி அவர் பேண்ட்ல பேஸ் கிடார் வாசிச்சவர்தான். 17 நாள் ஷூட்டிங். தூரத்துலேர்ந்து லாங் லென்ஸ்ல எடுத்ததால ரோட்ல போறவங்களுக்கு ஷூட்டிங்னே தெரியல. 2008ல பாட்டுக்கு ஆஸ்கர் வேற. நீ ரெக்கார்டிங் தியேட்டர்ல உக்காந்து பாட்டுல வர்ற மூச்சுச் சத்தத்தை எல்லாம் வெட்டி எறியுறியே, இந்தப் படத்துல பாதி காதல் அந்த மூச்சுலதாண்டா இருக்கு.

சரி, இப்பதான் விஷயம். சிரிக்காத.

சர்ச் கொயர்ல வாசிக்கிற ஒரு டீச்சர் கீபோர்டு கொண்டு வர்றாங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு கட்டை ஊமையாயிடுது. திறந்து, ரப்பர் பட்டையைத் தூக்கி, கறுப்புப் புள்ளியை ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சா பேசும். மூணு மாசத்துல நாலு தடவை வந்துச்சு. அஞ்சாவதா போன திங்கக்கிழமை திறந்தேன், உள்ள எல்லாம் பளிச்சுனு இருக்கு, ஒரு கோளாறும் இல்ல. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பார்ட் கோயம்புத்தூர்லேர்ந்து வரணுங்க, வியாழக்கிழமை வாங்க." அவங்க சிரிச்சுட்டு படுக மொழியில ஏதோ ஒரு வரி சொல்லிட்டு குடையை விரிச்சுப் போயிட்டாங்க.

படத்துலயும் அதேதான்டா! மோட்டார் சைக்கிள்ல வெளிய போன இடத்துல, புருஷனை இன்னும் பிடிக்குமான்னு கேட்டதுக்கு அவ தன் தாய்மொழி செக்ல ஒரு பதில் சொல்லுவா. அவனுக்கும் புரியாது, கீழ சப்டைட்டிலும் வராது. நெட்ல தேடினா அர்த்தம் கிடைக்குது, உன்னைத்தான் பிடிக்கும்னு. என் வரியை நான் எங்க போய்த் தேடுறது? 42 வருஷம் இந்த மலையில குப்பை கொட்டியும் எனக்கு அந்த பாஷை அரைகுறை. பக்கத்து பேக்கரி அண்ணன்கிட்ட கேட்டா சாயங்காலத்துக்குள்ள பத்து ஹட்டிக்கும், அதான் படுகர் ஊருக்கெல்லாம், சேதி போயிடும்.

கடைசில அவங்க ரெண்டு பேரும் சேர மாட்டாங்க. அவன் அவளுக்கு பியானோ வாங்கி அனுப்பிட்டு லண்டன் போயிடுவான். நான் எங்கடா போறது, மிஞ்சிப் போனா மேட்டுப்பாளையம். கீபோர்டு பெஞ்சு மேலயே இருக்கு, துணி போட்டு மூடி வச்சிருக்கேன், பொழுதுக்கும் அதையே பார்த்துட்டு இருக்கேன், வேலை ஓடல.

உன் ஹாஸ்டல் ரூம்மேட், படுக பேசுற கேத்திக்காரன், இன்னும் தொடர்புல இருக்கானா? காதுல விழுந்தபடி அந்த வரியை வாய்ஸ் மெசேஜ்ல சொல்லி அனுப்பியிருக்கேன், கேட்டு அர்த்தம் சொல்லச் சொல்லு, யார் சொன்னதுன்னு மூச்சு விடாத. வியாழக்கிழமை காலையில பத்து மணிக்குக் கடை திறப்பேன். அதுக்குள்ள.

இப்படிக்கு,
உன் சால்ட்ரிங்