நீ போட்ட சிவப்புக் கோடு

கோபே,
செப்டம்பர் 28

அன்புள்ள கண்ணா,

நவம்பரில் முப்பது கார்கள் சேர்ந்து போகும் பயணத்துக்காக மேப்பில் நீ சிவப்புக் கோடு போட்டு அனுப்பிய வழியைப் பார்க்க அப்பாவும் நானும் ஷிகோகு தீவுக்குப் போய்வந்தோம். "தேசிய நெடுஞ்சாலை 439தானே, நன்றாகத்தான் இருக்கும்" என்று எழுதியிருந்தாய். இங்கே தேசிய நெடுஞ்சாலையைக் 'கொகுதோ' என்பார்கள். உச்சரிப்பு மாறாமல் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி எழுதினால் 'கொடுமையான சாலை' என்று பொருள். 439 அந்தப் பெயருக்குத்தான் பிரபலம். தொகுஷிமாவிலிருந்து ஷிமாந்தோ வரை ஏறத்தாழ 350 கிலோமீட்டர். மலைமேல் பல இடங்களில் ஒரு காருக்குத்தான் இடம்.

அப்பா ஓட்டினார். நான் இடப்பக்கம், வழிப்புத்தகம் எழுத மடியில் நோட்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் மீட்டரைப் பார்த்துக் கிலோமீட்டரை எழுதி, பக்கத்தில் அந்தத் திருப்பத்தைக் காட்டும் சின்னப் படம் ஒன்று போட வேண்டும், டுலிப் படம் என்பார்கள். வரும் வழிக்கு ஒரு புள்ளி, போகும் வழிக்கு ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான்.

மினோகோஷி கணவாய்க்கு ஏறும்போது சாலை வளைவில் எதிரே வருவதைக் காட்ட வைத்திருந்த கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. குட்டி லாரி. எங்களுக்குத்தான் பின்னால் இடம் இருந்தது. அப்பா காரைப் பின்னால் எடுக்க, நான் இறங்கி வழிகாட்டினேன். மழையில் உதிர்ந்த தேவதாரு இலைகள் காலுக்கடியில் வழுக்கின. ஓரத்தில் மூடியில்லாத வாய்க்கால். சக்கரம் இறங்கினால் தூக்கத்தான் வேண்டும். ஒதுங்க இடம் கிடைத்தபோது எண்ணிப் பார்த்தேன், 140 அடி எடுத்து வைத்திருந்தேன். லாரியிலிருந்த பெரியவர் தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போனார். அன்று நாங்கள் ஒரே கார். நவம்பரில் முப்பது கார் வரிசையாக வந்தால் அவர் எங்கே ஒதுங்குவார்?

நாகோரோ என்ற மலைக்கிராமத்தில் பஸ் ஸ்டாப்பில் ஆட்கள் நிற்பதாக நினைத்து அப்பா வேகத்தைக் குறைத்தார். எல்லாம் துணிப் பொம்மைகள். வயலில் இரண்டு, ஒரு வீட்டுத் திண்ணையில் ஒன்று. ஊரை விட்டுப் போனவர்கள், இறந்தவர்கள் ஞாபகமாக அந்த ஊர்ப் பெண்மணி ஒருவர் செய்து வைத்தவை. இப்போது ஊரில் மனிதரைவிடப் பொம்மைகள்தான் அதிகம். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அங்கே யாரும் ஹாரன் அடிக்கக் கூடாது, மொத்தமாக நிறுத்திப் படம் எடுக்கவும் கூடாது என்று வழிப்புத்தகத்தில் எழுதிவிட்டேன்.

உனக்கு வருத்தமாக இருக்கும். கியோபாஷிரா கணவாயை வழியிலிருந்து நீக்கிவிட்டேன். "அதுதானே உச்சம், மலை அடுக்கடுக்காகத் தெரியுமே" என்று அப்பாவும் மல்லுக்கட்டினார். உண்மைதான், அவ்வளவு அழகு. ஆனால் இவ்வளவு கார்களை அங்கே ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆற்றோரமாகவே ஒபோகே பக்கம் இறங்கி, அகலமான 32ஆம் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம்.

ஷிமாந்தோ ஆற்றுப் பாலத்தை மட்டும் விடவில்லை. நம் ஊர்த் தரைப்பாலம் மாதிரிதான், கைப்பிடிச் சுவரே கிடையாது. வெள்ளம் மேலேறிப் போகட்டும் என்று அப்படிக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு காராக, நடக்கும் வேகத்தில் போக வேண்டும்.

நவம்பரில் வருகிறாய் அல்லவா? முன்னால் போகும் வண்டி வேண்டாம். கடைசி வண்டியில் என்னோடு வா. வழியில் நின்றுபோன கார்களைப் பார்க்க ஓர் ஆள் தேவை. வழுக்காத ஷூ கொண்டுவா. டிக்கெட் போட்டதும் சொல்.

அன்புடன்,
அம்மா